ஒரு பரம்பரையலகு மீனில் இரண்டாக வருவது ஏன்?

தம்பி, மனிதனில் ஒன்றாக இருக்கும் சொக்ஸ்9 (SOX9) என்ற பரம்பரையலகு, வரிக்குதிரை மீனில் (zebrafish) ஏ, பி என இரண்டாக வருகிறது, தரவுத்தளம் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, இரண்டையும் செயற்திட்டத்தில் வைத்திருங்கள்.

30 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இன்றைய மீன்களில் பெரும்பாலானவை சேரும் டெலியோஸ்ட் (teleost) கூட்டத்தின் மூதாதையில் நிறமூர்த்தங்கள் முழுவதும் ஒருமுறை இரட்டித்துவிட்டன. வீட்டில் இரண்டாவது தண்ணீர்ப் பம்ப் வந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்று கொட்டிலில் துருப்பிடிக்கும். சிலவேளை ஒன்று கிணற்றுக்கு, மற்றது வயலுக்கு என்று வேலை பிரியும். சொக்ஸ்9 இரண்டாவது வகை: வளர்ந்த மீனில் ஏ விதையத்தில் இயங்குகிறது, பி சூலகத்தில். துருப்பிடித்ததற்கு ஹொக்ஸ் (Hox) கொத்துகளை, அதாவது உடலின் எந்தப் பகுதி எங்கே அமையும் என்பதை வழிநடத்தும் பரம்பரையலகுக் கூட்டங்களை, பாருங்கள். மனிதனில் 4, வரிக்குதிரை மீனில் 8 இருக்கவேண்டும், மிஞ்சியது 7.

இரணைமடுப் பக்கம் சந்தையில் சாதாரண கெண்டை (common carp) வாங்கினால் அதையும் சேருங்கள். அதன் கிளையில் இன்னொரு இரட்டிப்பு நடந்தது. வரிக்குதிரை மீனுக்கு 50 நிறமூர்த்தம், கெண்டைக்கு 100. (முள்ளும் குறைவில்லை, அது வேறு கதை.)

அப்புறம், இந்தப் பரம்பரையலகுகளின் உறவைக் காட்டும் மரவரைபடம் கீறும்போது புள்ளிக் கார் மீனையும் (spotted gar) போடுங்கள். இரட்டிப்புக்கு முன்பே பிரிந்த மீன் அது. ஏ, பி இரண்டும் அதற்குப் பிறகு ஒன்றாகக் கிளைத்தால், இரண்டும் அந்த இரட்டிப்பில் வந்தவை என்ற உங்கள் விடை சரி.