பேட் சம்மிட்டின் 38 ஆண்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை 1974 முதல் 2012 வரை நடத்திய பேட் சம்மிட்டைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 22 வயதுப் பெண்ணிடம் ஒரு பெரிய பல்கலைக்கழக அணியை எப்படி நம்பிக் கொடுத்தார்கள், மேடம்?

அந்தப் பதவியை அங்கே யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதால்தான் கொடுத்தார்கள். உதவிப் பயிற்சியாளராகச் சேர வந்தவர், அப்போதிருந்த பயிற்சியாளர் நீண்ட விடுப்பில் போய்விட்டதால், ஆட்டம் ஒன்றைக்கூட நடத்திப் பழகாமலேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மாத ஊதியம் 250 டாலர். முதுகலைப் படிப்பு, உடற்கல்வி வகுப்புகள், முழங்கால் காயத்திலிருந்து மீண்டு ஒலிம்பிக்குக்குத் தயாராவது ஆகிய மூன்றோடும் சேர்த்து அணியின் வேனை ஓட்டுவதும் சீருடைகளைத் துவைப்பதும் அவர் வேலையாக இருந்தன. அந்தச் சீருடைகளும் டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று தோற்றார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வீராங்கனையாக வெள்ளியும், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளராகத் தங்கமும் வென்றார்.

கேள்வி: மொத்தம் எத்தனை வெற்றி?

1,098 வெற்றி, 208 தோல்வி. தேசிய சாம்பியன் பட்டங்கள் எட்டு: 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. எண்ணிக்கையை மட்டும் தனியே பிய்த்து எடுத்துக்கொண்டு வாதாட வராதீர்கள் என்று இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

கேள்வி: அவர் ஆட்டத்தின் விதிகளையே மாற்றவைத்தார் என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டென்னசி மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 1970களின் இறுதிவரை பெண்கள் ஆடியது ஆறு பேர் ஆட்டம். அணியின் மூவர் ஒரு பாதியில் நின்று தாக்குவார்கள். மற்ற மூவர் எதிர்ப்பாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது.  முழு ஆடுகளத்தில் ஓடுவதைப் பெண்ணின் உடல் தாங்காது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதி இது.

இதன் விளைவைக் கிட்டே போய்ப் பாருங்கள். தடுக்கும் பக்கத்தில் நிறுத்தப்பட்ட ஒரு மாணவி, பள்ளிப் படிப்பு முடியும்வரை ஓர் ஆட்டத்திலும் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்க மாட்டாள். பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகக் கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை வழங்கத் தொடங்கியபோது, ஐவர் ஆடும் கல்லூரி அணியில் இவளை எந்தப் பயிற்சியாளர் எடுப்பார்? ஒரு பள்ளி மாணவி 1976இல் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றாலும் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. சம்மிட் அந்த முறையை வெளிப்படையாக எதிர்த்தார். அது மாறும்வரை தம் மாநிலத்துப் பெண்களைத் தம் அணிக்கு எடுப்பது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் ஒருவரால் மட்டும் மாறியது என்று எழுதுவது மிகை. ஆனாலும் 1979-80 பருவத்தில் டென்னசிப் பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. அயோவாவில் அதே மாற்றத்துக்கு 1993 வரையும் ஓக்லஹோமாவில் 1995 வரையும் ஆயிற்று. அவருடைய எட்டுக் கோப்பைகளையும் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது.

கேள்வி: நான் பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். அவரைப் போல முறைத்துப் பார்த்து, கண்டிப்பாக நடந்துகொண்டால் பலன் கிடைக்குமா?

முறைப்பை மட்டும் கடன் வாங்காதீர்கள். வீராங்கனைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது என்பது அவர் அணியின் விதி. கல்லூரி அணியில் ஆட அனுமதியுள்ள நான்கு ஆண்டுகளையும் அவரிடம் ஆடி முடித்த ஒவ்வொருவரும் கல்லூரிப் படிப்பையும் முடித்தார்கள். பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரே நிறுத்தி, தம் பெண்களைவிட உயரமும் வேகமும் உள்ளவர்களோடு மோதவிட்டார். தற்காப்பிலும் ரீபவுண்டிலும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) சலுகையே காட்டியதில்லை. இத்தனையையும் செய்துவிட்டு முறைத்தால் பலிக்கும்.

கேள்வி: பிரசவ வலியோடு விமானத்தில் பறந்த கதை உண்மையா?

உண்மை. 1990 செப்டம்பரில், மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி வீராங்கனையைத் தம் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியா போனபோது பனிக்குடம் உடைந்தது. வழியில் வர்ஜீனியாவில் இறங்கலாம் என்ற யோசனையை மறுத்து, மகன் டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று திரும்பினார். காரணம், அந்த ஆண்டு அவர் அணியைத் தேசியப் போட்டியில் தோற்கடித்து வெளியேற்றியது வர்ஜீனியா அணி. மார்சினியாக் முதலில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பின்பு டென்னசிக்கு மாறி, 1996 இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை ஆனார்.

கேள்வி: கனெக்டிகட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா 1,217 வெற்றிகளைத் தாண்டிவிட்டார், பன்னிரண்டு கோப்பைகளும் வைத்திருக்கிறார். பிறகு சம்மிட்டை ஏன் கொண்டாட வேண்டும்?

இதைக் கேட்க ஒருவராவது வருவார் என்று தெரியும். சம்மிட்டின் எண்ணிக்கையை 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் தாரா வான்டர்வீர் கடந்தார். வான்டர்வீரின் 1,216ஐ 2024 நவம்பரில் கனெக்டிகட்டின் ஆரியெம்மா கடந்தார். நோய் சம்மிட்டை 59 வயதில் நிறுத்தியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (அதே நண்பர்): 1970களில் எதிரணிகள் பலவீனமானவை. அந்த வெற்றிகளைக் கழிக்க வேண்டாமா?

அப்படியானால் வேனும் டோனட்டுமாக இருந்த அவர் அணியின் பலவீனத்தையும் கூட்ட வேண்டும். 1980, 1981, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய இறுதி ஆட்டம்வரை வந்து தோற்று, பதவிக்கு வந்து 13ஆம் பருவத்தில்தான் முதல் கோப்பையைத் தொட்டார். எதிரணிகள் பொம்மைகளாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று?

கேள்வி (இன்னொருவர்): டென்னசியும் கனெக்டிகட்டும் நேருக்கு நேர் மோதியதில் யார் முன்னிலை? அந்தத் தொடரைச் சம்மிட் நிறுத்தியது பயத்தாலா?

1995 முதல் 2007 வரை நடந்த 22 ஆட்டங்களில் கனெக்டிகட் 13, டென்னசி 9. இதில் வாதத்துக்கு இடமில்லை. 2007இல் தொடரை நிறுத்தியவர் சம்மிட்தான். கனெக்டிகட் வீராங்கனைகளைச் சேர்க்கும் முறைமீது அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. பயம் என்பது பொருந்தாது, ஏனெனில் அந்தக் கடைசி மூன்று சந்திப்புகளிலும் வென்றவர் அவரே. ஆனாலும் நிறுத்தியது பெண்கள் ஆட்டத்துக்கு இழப்பு என்பதே என் கருத்து. மக்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது இந்தப் பகைதான். 2011இல் சம்மிட் அறக்கட்டளை தொடங்கியபோது 10,000 டாலர் அனுப்பியவர் இதே ஆரியெம்மா. நம் ரசிகர்கள்தான் இன்னும் சண்டையை முடிக்கவில்லை.

கேள்வி: அப்படியென்றால் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார்?

மேலே படியுங்கள்.

கேள்வி: ஆரியெம்மாவின் வெற்றிச் சதவீதம் அதிகம்தானே?

அதிகம்தான். மேலே படியுங்கள்.

கேள்வி: என் மகள் உயரமாகத் தாவ என்ன உடற்பயிற்சி, அம்மா?

அவளுடைய உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள்; பார்க்காமல் சொல்வது தவறு.

கேள்வி: நோய் தெரிந்த பிறகும் அணியை நடத்தினாரா?

2011 ஆகஸ்டில் தமக்கு இளவயது அல்சைமர் என்று தாமே அறிவித்துவிட்டு, உதவியாளர்களிடம் அதிகப் பொறுப்பைக் கொடுத்து, இன்னொரு முழுப் பருவம் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் 27 வெற்றி, 9 தோல்வி. அவ்வாண்டு ஓர் ஆட்டமும் தோற்காத பெய்லர் அணியிடம்தான் தோற்று தேசியப் போட்டியிலிருந்து வெளியேறினார்கள். 2012 ஏப்ரலில் விலகினார்; 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார். நோயின் அறிகுறிகளைப் பற்றிக் கேட்டிருக்கும் மூவரும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அவருக்குப் பிறகு?

அவரிடம் ஆடி, அவருக்கே நெடுங்காலம் உதவியாளராக இருந்த ஹோலி வார்லிக் 2019 வரை. சம்மிட்டிடம் ஆடி மூன்று கோப்பைகள் வென்ற கெல்லி ஹார்ப்பர் 2024 வரை. அதன்பின் கிம் கால்ட்வெல். கால்ட்வெல் வெளியிலிருந்து வந்தவர். அவருடைய முதல் பருவத்திலேயே, 2025 பிப்ரவரியில், டென்னசி 80-76 என்று கனெக்டிகட்டை வென்றது. 2007க்குப் பிறகு அதுவே முதல் முறை. எண்ணிக்கை நண்பர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.