கூட்டம் போட்டால் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் அதிகம் குடியிருக்கும் தாமான் (வீடமைப்புப் பகுதி) எங்களுடையது. நான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். இருக்கும் பணத்தில் மண்டபக் கூரையை மாற்றுவதா, டியூஷன் அறை கட்டுவதா என்று பேசக் கூட்டம் போட்டால் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். மறுநாள் ஒட்டுக்கடையில் ஊரே குறை சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒட்டுக்கடையில் பேசுகிறார்கள் அல்லவா, அப்படியென்றால் அக்கறை இருக்கிறது. "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, கைதட்டத்தான் கூப்பிடுறாங்க" என்ற நினைப்புதான் அவர்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது.

முதலில் பழைய கணக்கைக் காட்டுங்கள். சங்கச் சட்டம் 1966-இன்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பியிருப்பீர்கள். அதைக் கடைசி வீட்டுப் பாட்டி பார்த்தாரா? மணிலா அட்டையில் வரவு, செலவு, மீதியைப் பெரிதாக எழுதி மண்டபக் கதவோரம் ஒட்டுங்கள். ரசீது நகல்களை ஒரு கோப்பில் போட்டுப் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கவிடுங்கள். நான் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தபோது சாயம் அடித்த செலவில் 40 வெள்ளி இடித்தது. 'ரசீது தொலைந்துவிட்டது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினோம். நல்ல திட்டு விழுந்தது. அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது, திட்டிய அதே ஆட்கள்தான்!

உங்கள் ஊர்க்காரர், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வேலையும் வீடும் போய்விடுமோ என்று தொழிலாளர்கள் பயந்திருந்த காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகப் போடச் சொல்லி, தோட்டம் தோட்டமாக அவரே போய்க் கேட்டார்.

நீங்களும் போக வேண்டும். இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் எப்படி வருவார்கள்? வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது பேச்சுக் கொடுங்கள். "கூரையா, டியூஷனா?" என்று நேராகக் கேட்காதீர்கள். தலைவர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். மழை பெய்தால் எங்கே ஒழுகுகிறது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது என்று கேளுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓட்டெடுப்பு வேண்டாம். பாட்டியின் போன் பேரன் கையில் இருக்கும்.

அப்புறம், கூடுதல் அறை கட்ட நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அது கிடைக்க வழி உண்டா என்று விசாரித்துவிட்டு ஓட்டுக்கு விடுங்கள். நடக்காத ஒன்றுக்குக் கை தூக்க வைத்தால், அடுத்த முறை அந்தப் பன்னிரண்டு பேரும் வரமாட்டார்கள். பொன்னாடை போர்த்துவதையும் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் மிச்சம்.

சரி, கூரைதான் என்று முடிவானால், டியூஷன் அறை கேட்டவர்களில் ஒருவரை, கூரை போடும் குத்தகையாளர்களின் விலையை ஒப்பிடும் குழுவில் போடுங்கள். லாரியில் தகடு வந்து இறங்கும்போது அவரே நின்று எண்ணட்டும்.