வீட்டுக் கோழிக்கு அரிசியும் தவிடும் மட்டும் போதுமா?

அரிசியும் தவிடும் தாராளமாகப் போட்டும் முட்டை தோல் முட்டையாக வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எங்கள் வளவிலும் இதேதான் நடந்தது. வெள்ளாண்மை வெட்டி முடிந்த மாசி மாதம். வீடு நிறையக் குறுணலும் தவிடும் கிடந்தன. ஒரு நாள் காலை கூட்டுக்குள் கையை விட்டால் முட்டை விரலுக்கு அமுங்கியது. ஓடே இல்லை, ஈரச் சவ்வு மட்டும். குறைவில்லாமல் தீன் போடுகிறேன் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய வேதனை.

அரிசி இரைப்பையை நிரப்பும், அவ்வளவுதான். அதில் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவே. முட்டையிடும் பேட்டுக்கு 16 பங்காவது வேண்டும். கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். தவிட்டிலோ, இருக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் உடலில் சேரவிடாத பொருள் உண்டு. ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் போகிறது. தீனில் கிடைக்காவிட்டால் பாவம், கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் கொடுக்கும்.

அம்மம்மா கூட்டு வாசலில் எப்போதும் ஒரு சிரட்டை வைத்திருப்பார். வாவிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓட்டை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, குறுணல் அளவுக்கு இடித்து அதில் போடுவார். மாவாக்க விடமாட்டார். அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது: ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், பெரும்பகுதி இரவில். மாலையில் கொத்திய துண்டுகள் இரைப்பையில் தங்கி விடியும்வரை மெல்லக் கரையும். மா சீக்கிரமே கழிந்துவிடும். தீனோடு கலக்கவும் வேண்டாம். வேண்டிய கோழி தானே கொத்தும். குஞ்சுகளுக்கு மட்டும் எட்டாமல் வையுங்கள், மிஞ்சிய கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புரதத்துக்குக் கறையானும் தேங்காய்ப் புண்ணாக்கும் முருங்கை இலையும் எங்களுக்குக் கைகொடுத்தன. கருவாட்டுத் தலை போட்டால் உப்பை ஊறவைத்துக் களையுங்கள். இவ்வளவு செய்தும் தோல் முட்டை நிற்காவிட்டால் நோயாக இருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாரியில் சாக்குக்குள் கட்டிபட்ட தவிட்டை, கோழிக்குத்தானே என்று போட்டுவிடாதீர்கள். பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும், அவித்தாலும் போகாது. அதைக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.