ஏர் பிஸ்டல் வாங்கும் முன், சுடும் முன்: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் பற்றி வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தினேஷ், வியாசர்பாடி: அண்ணா, பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. அதே மாதிரி பிஸ்டல் வாங்கலாமா? அப்பா பட்ஜெட் கேட்கிறார்.

தம்பி, அப்பாவின் பணத்தை இப்போது தொடாதே. மோரினி, வால்தர், ஸ்டெயர் எல்லாமே அருமையான பிஸ்டல்கள்தான். ஆனால் லட்சக்கணக்கில் ஆகும். உன் கைக்கு எது பொருந்தும் என்று உனக்கே இன்னும் தெரியாது. எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. போய் விசாரி. சில மாதங்கள் கிளப் பிஸ்டலில் பழகு.

அப்புறம் வாங்கப் போகும்போது முதலில் மரப்பிடியைப் பார். பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை உயர்த்து. கண்ணைத் திறக்கும்போது குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளான முன் சைட், கண்ணுக்கு அருகில் இருக்கும் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருகித்தான் நடுவுக்குக் கொண்டுவர முடிகிறது என்றால் அந்தப் பிடி உனக்கானதல்ல. கைக்கு ஏற்றபடி மரத்தை இழைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

அடுத்தது டிரிக்கர். போட்டி விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் டிரிக்கரே போதும் என்பது என் கருத்து. எலக்ட்ரானிக் டிரிக்கர் மிருதுவானதுதான், ஆனால் 2021இல் டோக்கியோவில் அதே மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே எலக்ட்ரானிக் டிரிக்கர் கொண்ட பிஸ்டல் பழுதாகி நேரத்தைத் தின்றது.

பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை: எனக்கு நகைக்கடை இருக்கிறது. பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். 9 எம்.எம். கிடைக்குமா சார்?

கிடைக்காது. 9 எம்.எம். நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்கு லைசென்ஸில் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அங்குல ரகம்தான். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, காரணத்தையும் விளக்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், கேமரா, நல்ல ஷட்டர், பெட்டகம், இன்சூரன்ஸ் இவற்றை முதலில் சரிபாருங்கள். பழக்கமில்லாத கையில், நெரிசலான கடைக்குள், துப்பாக்கி உங்கள் வாடிக்கையாளருக்கும் ஆபத்து. லைசென்ஸ் வாங்கியே தீருவேன் என்றால், ஒழுங்காகப் பயிற்சி எடுக்காமல் அதைக் கடைக்குக் கொண்டுவராதீர்கள்.

கவிதா, பெரம்பூர்: என் மகள் பத்தாம் வகுப்பு. ஏர் பிஸ்டலுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத சுடும் ஆற்றலும் உள்ளதற்கு வேண்டாம் அம்மா. போட்டி பிஸ்டல்கள் அதற்குள்தான் வரும். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். மொட்டைமாடியில் சுடவே கூடாது.

ஆரோன், ராயபுரம்: இலக்கைத் தெளிவாகப் பார்த்துத்தான் சுடுகிறேன், ஆனாலும் ஏழு, எட்டு புள்ளி என்றே விழுகிறது.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தெளிவாகத் தெரிய வேண்டியது இலக்கு அல்ல, முன் சைட். இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இலக்கு 10 மீட்டரில், அதாவது அதைப்போல் முப்பது மடங்கு தூரத்தில். முன் சைட் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மி.மீ. ஒதுங்கினால் பெல்லட் 3 செ.மீ. தள்ளி விழும். பத்தாக வேண்டியது ஏழாகிவிடும். ஆனால் இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை மொத்தமாக ஒரு செ.மீ. ஆடினாலும் ஒன்பது கிடைக்கும்.

அதனால் கை ஆடுகிறதே என்று பதறாதீர்கள். எல்லோருக்கும் ஆடும். முன் சைட்டின் தலை பின் சைட்டின் விளிம்போடு சமமா, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சமா, இதை மட்டும் பாருங்கள். கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிவைக்க வேண்டாம். அதற்குக் கீழே வெள்ளையில் நிறுத்தி, சைட்டை அதற்கேற்பத் திருகிக்கொள்ளுங்கள்.

சதீஷ், கொருக்குப்பேட்டை: எனக்கு எப்போதும் இடது கீழேதான் விழுகிறது. வலது கைக்காரன்.

வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே துடிக்கிறது. இல்லையென்றால் டிரிக்கரோடு சேர்த்து மொத்தக் கையையும் இறுக்குகிறீர்கள். பிடியை நடுவிரலும் மோதிர விரலும் நேர் பின்னால் இழுக்கட்டும். ஆள்காட்டி விரல் மரத்தில் உரசாமல், நுனிச் சதையால் அழுத்த வேண்டும். டிரிக்கர் லேசாகப் பின்னால் வரும் முதல் கட்டத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கை நிலைத்த பிறகு எட்டுப் பத்து நொடிக்குள் விழவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை. சுட்ட பிறகும் இரண்டு நொடி சைட்டைப் பார்த்தபடி நில்லுங்கள்.

நஸ்ரின், தண்டையார்பேட்டை: வீடு சின்னது, சுடும் ரேஞ்சுக்கு வாரம் ஒருமுறைதான் போக முடிகிறது. கேரம் நன்றாக ஆடுவேன், அது உதவுமா?

பொறுமை உதவும்மா, கை உதவாது. கேரமில் மணிக்கட்டு தளர்ந்திருக்கும், விரல் சட்டென்று சுண்டும். இங்கே மணிக்கட்டு பூட்டியிருக்க வேண்டும், விரல் ஊர்ந்து வர வேண்டும். சின்ன வீடு ஒரு குறையே அல்ல. வெறும் வெள்ளைச் சுவர் போதும். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, குழாய்க்குள் பாதுகாப்புக் கயிற்றை விட்டு, பெல்லட் இல்லாமல் டிரிக்கரை மட்டும் அழுத்திப் பழகும் டிரை ஃபயர் வசதியில் தினமும் இருபது நிமிடம் பழகுங்கள். சுவரில் இலக்கு இல்லாததால் கண் முன் சைட்டை விட்டு ஓடாது. டிரிக்கர் விழும் நொடியில் அது அசைந்ததா என்பது அப்பட்டமாகத் தெரியும். வாரம் ஒருநாள் நூறு பெல்லட் சுடுவதைவிட இதில்தான் முன்னேற்றம் அதிகம்.

பிரபு, எண்ணூர்: கடல் காற்றில் பிஸ்டல் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். உங்கள் பக்கம் சீக்கிரமே பிடிக்கும். வியர்வையும் உப்புதான், அதனால் சுட்டு முடித்ததும் இரும்புப் பகுதிகளைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவுங்கள். காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரின் வாயிலும் காற்று நிரப்பும் இடத்திலும் எண்ணெய் படவே கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள், ஈரம் ஏறினால் மாற்றுங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். அதற்குத் தயாரிப்பாளர் குறித்த ஆயுள் உண்டு. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டு, அப்புறம் புது சிலிண்டருக்குத் தனியாகச் செலவு செய்கிறார்கள்.