கொல்லைக் கதவுக்கு எந்த எழுத்து?

அன்புள்ள சார்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டைக்காரன். நண்பர்கள் சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்து முடித்திருக்கிறோம். பெயர் ‘கொல்லைக் கதவு’. 1971-ல் ராயபுரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் நடக்கிற கதை. இப்போது டைட்டில் ஃபான்ட்டில்தான் சண்டை. டிசைனர் ரத்தம் வழிகிற மாதிரி ஒன்று, கீறல் விழுந்த மாதிரி ஒன்று என்று இரண்டு கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளருக்கு ரத்தம் பிடித்திருக்கிறது. “போஸ்டரைப் பார்த்த உடனே பேய்ப்படம்னு தெரியணும் தம்பி” என்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. எந்த ஃபான்ட் போடலாம்?

ச.
தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

அனுப்பியிருந்த இரண்டு டிசைனையும் பார்த்தேன். ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் எழுத்திலேயே இருக்கிறது.

ரத்தம் வழிகிற ஃபான்ட் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கென்று செய்யப்பட்டது. அவை எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றுவிடும். கீழே காலி இடம், எவ்வளவு வேண்டுமானாலும் சொட்டலாம். தமிழில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ப-வுக்குக் கீழே ஒரு கோடு இறங்கினால் பு, ய-வுக்கு இறங்கினால் யு. உங்கள் தலைப்பின் கடைசி எழுத்தே வு. மற்ற எழுத்துகளிலும் சொட்டு தொங்குவதால் அந்த வு-வின் காலும் கூட்டத்தோடு ஒரு சொட்டாகிவிட்டது. நான் ‘கதவ’ என்றுதான் படித்தேன்.

கீறலில் புள்ளி போகிறது. ‘கொல்லைக்’ என்பதில் இரண்டு புள்ளி. டிசைனர் போட்ட கீறல் க்-இன் தலையைத் தின்றுவிட்டது. தெளித்திருக்கிற தூசியில் ஒரு துளி சரியாக த-வுக்கு மேலே உட்கார்ந்து அதை த் ஆக்கிவிட்டது. ஆங்கில எழுத்தில் பாதி அழிந்தாலும் மீதியை வைத்து ஊகித்துவிடலாம். நமக்கு ஒரு புள்ளி போனால் வேறு எழுத்து.

இந்தக் கீறல் மோகம் பெரும்பாலும் ‘செவன்’ (1995) படத்திலிருந்து வந்தது. அதன் டைட்டிலுக்குக் கைல் கூப்பர் எழுத்துகளைக் கையால் கீறிச் செய்தார். அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது: கொலைகாரன் நோட்டு நோட்டாக எழுதிக் குவிப்பதைத்தான் அந்த டைட்டிலே காட்டுகிறது. அப்புறம் வந்தவர்கள் நியாயத்தை விட்டுவிட்டுக் கீறலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நிஜமாகவே வயிற்றைப் பிசைகிற டைட்டில்களைப் பாருங்கள். ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் (1968) எழுத்து இளஞ்சிவப்பு. கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி வளைந்து வளைந்து ஓடும், பின்னால் ஒரு தாலாட்டு. ‘தி ஷைனிங்’ (1980) தொடக்கத்தில் ஹெல்வெட்டிகா என்கிற அலங்காரமில்லாத ஃபான்ட், வெளிர்நீலத்தில், கீழிருந்து மேலே சாதாரணமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஏதோ ஆபீஸ் சுற்றறிக்கை போல. தான் பேய்ப்படத்தில் இருக்கிறோம் என்று அந்த எழுத்துகளுக்கே தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கிற எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அதற்காக கம்ப்யூட்டரில் வருகிற லதா ஃபான்ட்டைப் போட்டுவிடாதீர்கள். லதாவைப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் சான்றிதழ் ஞாபகம் வரும், 1971 வராது.

உங்கள் பகுதியிலேயே ஒரு பயங்கரமான எழுத்து இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போன மாதம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது எதிர்ச்சுவரில் ஒன்று, பசை காயாமல் ஓரம் சுருண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, நடுவில் யாரோ கல்யாணத்தில் எடுத்த சிரித்த முகம், இடப்பக்கம் ‘தோற்றம்’, வலப்பக்கம் ‘மறைவு’, கீழே பட்டப்பெயரோடு நண்பர்கள் வரிசை. எழுத்தில் எந்த அலங்காரமும் இல்லை. அச்சகத்தில் கைக்கு வந்த தடித்த ஃபான்ட், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோரும் முதலில் அந்த இரண்டு தேதியைத்தான் பார்க்கிறார்கள், மனசுக்குள் வயதைக் கழித்துப் பார்க்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு ‘மறைவு’க்குக் கீழே ரிலீஸ் தேதியைப் போட்டு ராயபுரம் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். அடி விழும்.)

அந்த ஃபான்ட்டையே போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் கதை நடக்கிற தெருவில், அந்தக் காலத்தில், யார் கையால் இந்த எழுத்து எழுதப்பட்டிருக்கும் என்று கேளுங்கள். 1971-ல் கம்ப்யூட்டர் ஃபான்ட் ஏது? வீட்டு நம்பரும் ‘வாடகைக்கு’ பலகையும் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக ஒரு ஆர்ட்டிஸ்ட் எழுதியது. ஆகவே ஃபான்ட் தேடுவதை நிறுத்திவிட்டு எழுதச் சொல்லுங்கள். போர்டு எழுதுகிறவர்களில் பாதிப்பேரை ஃப்ளெக்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றாலும், கட்சிச் சுவர் விளம்பரத்துக்கும் காசிமேட்டில் விசைப்படகுக்குப் பெயர் எழுதவும் இன்னும் ஆள் இருக்கிறார்கள். பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடையில் ஒரு கதவுப் பலகை வாங்குங்கள். பச்சை பெயின்ட் உரிந்ததாக இருந்தால் நல்லது. ஆர்ட்டிஸ்ட் சாக்பீஸ் தேய்த்த நூலை இழுத்துச் சுண்டி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுவார், அப்புறம் பட்டை பிரஷ்ஷால் வெள்ளை எனாமல். கொ-வின் கொம்பு சுழிகிற இடத்தில் பிரஷ் திரும்பும்போது பெயின்ட் மெலிந்து அடியில் இருக்கிற பச்சை தெரியும், கை நிற்கிற இடத்தில் தடித்து லேசாக இறங்கும். ஒரு சொட்டு போதும், தானாக இறங்கியதாக இருந்தால். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, லை-யைப் பழைய மாதிரி எழுதச் சொல்லுங்கள். இன்று நாம் எழுதுகிற லை, பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சீர்திருத்தம். எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஆணை போட்ட பிறகுதான் பாடப்புத்தகத்துக்கு வந்தது. 1971-ல் சாதாரண போர்டில் ல-வுக்கு முன்னால் இந்த இரட்டைச் சுழி தனியாக நிற்காது. ல-வோடு ஒட்டி, துதிக்கை போல ஒரு வளைவு மேலே எழுந்து இறங்கும். உங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் பெரியாரின் ‘விடுதலை’ பத்திரிகை வாங்குகிற ஆள் யாராவது இருந்து அவரே கதவில் எழுதினார் என்றால் தவிர. இன்றைய யூனிகோட் ஃபான்ட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த வடிவம் வராது, அதற்காகவே கையால் எழுத வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். உங்களுக்கு வேண்டியது அதுதானே.

மற்ற நடிகர், டெக்னீஷியன் பெயர்களுக்கு ஃபான்ட் வேண்டும். கூகுளில் கிடைக்கிற தமிழ் ஃபான்ட்டுகளில் ஏதாவது அடக்கமான ஒன்றை எடுங்கள், வணிகப் படத்துக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இணையத்தில் இலவசம் என்று இறக்குகிற பேய் ஃபான்ட்டுகளில் நிறைய ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஓரத்தில் போட்டிருக்கும், டிசைனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஃபோட்டோஷாப்பில் அடித்து, கொ-வின் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் ஃபான்ட்டைத் திட்ட வேண்டாம். செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான டைப் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

தயாரிப்பாளர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. பேய்ப்படம் என்று தெரியத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல போஸ்டரில் படம் இருக்கிறது: ராத்திரி, முற்றம், தாழ்ப்பாள் போடாத கதவு. ஆர்ட்டிஸ்ட் எழுதியதையும் ரத்த டிசைனையும் ஒரே அளவில் பிரின்ட் எடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டி, தயாரிப்பாளரை எதிர்ப்பக்கம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டையும் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ரத்தம்தான் வேண்டும் என்றால், வு-வை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.