மாதிரிக் கடிதம், மாதிரி உரை: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: விடுப்பு விண்ணப்பத்தை மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதலாமா?

பதில்: தாராளமாக. அதில் யாரும் நடையழகைத் தேடப்போவதில்லை. தேதியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். மாதிரியில் இருந்த தேதியோடு நானே ஒருமுறை கொடுத்து அசடு வழிந்திருக்கிறேன்.

கேள்வி: புகார்க் கடிதம் எத்தனை எழுதினாலும் பதில் வருவதில்லை. நல்ல மாதிரி சொல்லுங்களேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பார்த்தேன். வடிவத்தில் பெரிய குறையில்லை. 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருக்கிறீர்கள். எது தக்க நடவடிக்கை? படிப்பவர் யூகிக்க வேண்டியிருக்கிறது. 'மின்விசிறியை மாற்றித் தாருங்கள், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாள்களுக்குள் பதில் வேண்டும்' என்று எழுதுங்கள்.

'பொருள்' வரியும் அப்படித்தான். 'புகார் தொடர்பாக' என்றால் ஒன்றும் தெரியாது. 'மார்ச் 3 அன்று வாங்கிய மின்விசிறி ஓடவில்லை, மாற்றித் தரக் கோருதல்' என்றால் உறையைப் பிரித்தவுடனே விஷயம் புரியும். அப்புறம், 'பார்வை' என்ற வரியைத் தூக்கிவிட்டீர்கள். முன்பு எழுதிய கடிதங்களின் தேதியும் எண்ணும் அங்கேதான் வரவேண்டும். பழைய கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்கு வேறு வழியில்லை.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் 'கடின உழைப்பாளி' என்று போடலாமா?

பதில்: வேண்டாம். எல்லா மாதிரியிலும் அது இருக்கிறது. செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பரின் பணி நிறைவு விழாவில் பேச வேண்டும். அருமையான மாதிரி உரை கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளட்டுமா?

பதில்: அதே உரையில் உங்கள் மேலாளர் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். எங்கேயும் இடிக்கவில்லை என்றால் அது உங்கள் நண்பரைப் பற்றிய உரை இல்லை. மாதிரியிலிருந்து வரிசையை எடுத்துக்கொள்ளலாம்: அவையை விளிப்பது, எப்படிப் பழக்கம், ஒரு சம்பவம், வாழ்த்து. வாக்கியங்களை எடுக்காதீர்கள். 'கடமை தவறாதவர்' என்பதற்குப் பதில், எல்லோரும் கிளம்பிய பிறகும் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாலை ஒன்று இருக்குமே, அதைச் சொல்லுங்கள். நான் சம்பவத்தை எழுதி முடித்த பிறகுதான் மாதிரியைத் திறப்பேன். முதலிலேயே திறந்தால் அதன் குரல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அந்த உரை பத்து நிமிடமாவது வரவேண்டாமா?

பதில்: 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திறப்பு நிகழ்ச்சியில், பெயர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த அமெரிக்க அதிபர் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது எதை? மூன்று, நான்கு நிமிடம் போதும். வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள், மனத்துக்குள் படித்தால் கணக்கு தப்பும்.

கேள்வி: இரங்கல் கடிதத்துக்கு மாதிரி உண்டா?

பதில்: உண்டு, முதல் வரிக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'காலம் ஆற்றும்' என்றிருந்தால் அடித்துவிடுங்கள். மறைந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள். நான்கு வரி வந்தால் போதும்.