வாசகர் கேள்வி: சுண்டெலி ஜிஎம்-சிஎஸ்எஃப் ஏன் வலுவிழக்கிறது?

கேள்வி: சுண்டெலி எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிடிக் செல்கள் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) வளர்க்கிறோம். அவற்றை வளரவைக்கும் புரதமான ஜிஎம்-சிஎஸ்எஃப் 10 மைக்ரோகிராம் குப்பியை 1 மில்லிலிட்டர் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்து, மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது உருக்கி எடுக்கிறோம். முதல் முறை செல்கள் நன்றாக வந்தன. பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. அளவைக் கூட்டலாமா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: கூட்டாதீர்கள். செல்கள் மீது குறை இல்லை, புரதம் குழாயிலேயே தங்கிவிடுகிறது. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது மிக நீர்த்த கரைசல். துணைப் புரதம் இல்லாவிட்டால் சைட்டோகைன் (ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதம்) பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் இன்னும் கொஞ்சம் சிதையும். உங்கள் ஃப்ரீசர் தானே பனி நீக்கும் வகை என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் வெப்பநிலை அடிக்கடி ஏறி இறங்கும். இப்போது அளவைக் கூட்டினால், அடுத்த புதுக் குப்பியில் அதே அளவு அதிகமாகிவிடும். எந்த முடிவையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

பழைய கரைசலை வீசிவிட்டுப் புதுக் குப்பியில் தொடங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த குப்பி மீது உடனே நீர் முத்துக் கட்டும். எனவே மூடியபடியே 20 நிமிடம் அறை வெப்பநிலையில் வைத்து, வெளியே 70 விழுக்காட்டு எத்தனாலால் துடையுங்கள். திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுழற்றுங்கள். கண்ணுக்கே தெரியாத அந்தப் புரதப் பொடி மூடியில் ஒட்டியிருக்கக்கூடும். உற்பத்தியாளர் தாளில் வேறு கரைப்பான் சொல்லாவிட்டால், 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின், இதுதான் துணைப் புரதம்) கலந்த கிருமியற்ற பிபிஎஸ் 100 மைக்ரோலிட்டர் விட்டு, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்க வேண்டாம், நுரைத்தால் புரதம் சிதையும். மெதுவாகச் சுற்றிக் கலந்து, புரதம் ஒட்டாத குழாய்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள்.

ஒரு குழாயில் 1 மைக்ரோகிராம் இருக்கும். அதை முழுவதும் 50 மில்லிலிட்டர் ஊடகத்தில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் கிடைக்கும். 2 மைக்ரோலிட்டர் போன்ற மிகச் சிறிய அளவை உறிஞ்சி எடுப்பதில் வரும் பிழையும் இதனால் தவிர்க்கப்படும். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பிஎஸ்ஏ வாங்கும்போது எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) குறைந்த, செல் வளர்ப்புக்கான தரமா என்று கட்டாயம் பாருங்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராவதால், அதன் எண்டோடாக்சின் அளவையும் லாட் (தயாரிப்புத் தொகுதி) சான்றிதழில் பாருங்கள். எல்பிஎஸ் (அந்த எண்டோடாக்சின்தான்) சிறிது நுழைந்தாலும் தூண்டாத கட்டுப்பாட்டுக் கிணற்றிலேயே (வளர்ப்புத் தட்டில் ஒப்பீட்டுக்கான குழி) சிடி86 (செல் தூண்டப்பட்டதைக் காட்டும் அடையாளப் புரதம்) ஏறிவிடும். பிறகு எந்தத் தூண்டுபொருளைச் சேர்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் மிச்சம் இருக்கிறது. சுண்டெலிச் செல்லுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. இந்தச் சைட்டோகைன் இனம் பார்க்கும். மனிதனுடையது சுண்டெலிச் செல்லில் வேலை செய்யாது, சுண்டெலியுடையதும் மனிதச் செல்லில் வேலை செய்யாது.

கேள்வி: செய்முறையில் மில்லிலிட்டருக்கு 200 யூனிட் என்கிறார்கள். குப்பியில் எடைதான் இருக்கிறது.

பதில்: சான்றிதழில் இடி50 அளவை (பாதி விளைவைத் தரும் செறிவு) தேடுங்கள். 10 இலட்சத்தை அந்த நானோகிராம் எண்ணால் வகுத்தால், ஒரு மில்லிகிராமில் எத்தனை யூனிட் என்று வரும். இடி50 அளவு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் 1 கோடி யூனிட், அதாவது ஒரு நானோகிராமில் 10 யூனிட். 200 யூனிட்டுக்கு 20 நானோகிராம் போதும். லாட் மாறினால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.